எருமைக்குப் பத்துப் பாட்டு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு உங்களுக்குத்தான். இப்போது நோட்டைத் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. தினம் ஒரு தலைப்பு என்று யாரோ தொகுத்த பட்டியல் ஒன்றைப் போனில் வைத்திருக்கிறீர்கள். மழை, அம்மா, நிறைவேறாத ஆசை, முதல் காதல் என்று அது நீள்கிறது. எதைத் தொட்டாலும் இரண்டு வரியில் நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: பிறர் கொடுத்த தலைப்புக்கு எழுதுவது உண்மையான எழுத்துதானா, இல்லை வெறும் பள்ளிக்கூடப் பயிற்சியா?

இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

முதலில் உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. இந்த ஊரில் துணி விற்றவர், அல்லது துணி விற்ற குடும்பத்தில் பிறந்தவர். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு என்ற நான்கு தொகைகளிலும் அவர் பாட்டு இருக்கிறது. மதுரைப் பெயரைத் தாங்கிய மற்றவர்களையும் பாருங்கள். தானியம் விற்ற கூலவாணிகன் சாத்தனார், பெருங்கொல்லன், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கணக்காயனார், எழுத்தாளன் சேந்தம்பூதனார். மேலூர்ப் பக்கம் கிடாரிப்பட்டிக்குப் போனால், அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கடைத்தெரு அது. கணக்கும் கவிதையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இந்த ஊரில் சான்றுக்குக் குறைவில்லை.

இந்தத் துணிக்கடைக்காரர் ஓலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ‘இன்றைக்கு எதைப் பற்றி எழுதலாம்’ என்று தவித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அது ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. பாலைத் திணை, தலைவன் பொருள் தேடப் போயிருக்கிறான், தோழி தலைவியைத் தேற்றுகிறாள். இப்படி ஒரு துறை. அதே துறையில் அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் பாடினார். புது விஷயம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பாரம் அவர்மேல் இல்லை. கொடுத்த இடத்துக்குள் தான் என்ன பார்த்தோம் என்பதைச் சொன்னால் போதும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கவிதைகளே, கொடுத்த துறைக்குள் எழுதிய கவிதைகள். தலைப்புக்கு எழுதுவது குறைந்த எழுத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஏன் உங்கள் போனில் இருக்கிற தலைப்புகள் நகர மறுக்கின்றன? அதற்கும் பதில் பழைய இடத்திலேயே கிடைக்கிறது. தொல்காப்பியர் அகப்பாட்டுக்கு மூன்று பொருள் சொல்கிறார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் இருக்கிற மரம், பறவை, விலங்கு, தொழில், உணவு, பறை எல்லாம். உரிப்பொருள் என்பது மனசுக்குள் நடப்பது: சேர்தல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் உரிப்பொருள் மட்டும்தான். ‘நிறைவேறாத ஆசை’ எந்த ஊரில் நடந்தது, என்ன நேரம், பக்கத்தில் என்ன கிடந்தது? ஒன்றும் இல்லை. அந்தரத்தில் தொங்குகிற ஆசையைப் பற்றி யாராலும் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது. எழுதினாலும் அது எல்லோரும் எழுதியதாகவே இருக்கும்.

அதையே மாற்றிப் பாருங்கள். விளக்குத்தூண், சாயங்காலம் ஆறரை மணி, துணி அளக்கிற இரும்புக் கோல், ஒரு மனத்தாங்கல். இது தலைப்பு. சொன்ன உடனேயே உங்களுக்கு ஒரு முகம் தெரிந்திருக்கும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். எட்டுத்தொகையில் ஐங்குறுநூறு என்று ஒரு நூல் இருக்கிறது. 1903இல் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். ஐந்து திணைக்கு ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு. எல்லாம் 3 அடி முதல் 6 அடி வரையுள்ள குட்டிப் பாட்டுகள். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து நிற்கிறது. அந்தப் பத்துகளின் பெயர்களைக் கேளுங்கள். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்தை ஓரம்போகியார் பாடியிருக்கிறார். அதில் வேழம் என்ற நாணல் வகைக்கு ஒரு பத்து, நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து. கபிலர் பாடிய குறிஞ்சியில் பன்றிக்கு, குரங்குக்கு, கிளிக்கு, மயிலுக்கு ஒவ்வொரு பத்து. அம்மூவனாரின் நெய்தலில் சிறு வெண்காக்கைக்கு ஒரு பத்து.

அவற்றிலும் அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்துப் பாட்டும் ஒரே இரண்டு அடிகளில் தொடங்குகின்றன. வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணப் போகிறது ஒரு நாரை. அவ்வளவுதான் கொடுத்தது. அதற்கப்புறம் அந்த நாரை வெவ்வேறு காரியம் செய்கிறது, வெவ்வேறு மனநிலைகளுக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. தொடக்கம் ஒன்று, வழி பத்து. இன்று எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்கிற ஒரு பயிற்சியை, நெய்தல் நிலத்துப் புலவர் ஒருவர் செய்து முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொண்டிப் பத்து என்று இன்னொன்று, அதுவும் அவருடையதே. அது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்து அடுத்த பாட்டு எழுகிறது. நாளைக்கு என்ன எழுதுவது என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. இன்றைக்கு எழுதியதன் கடைசிச் சொல்லே நாளைக்குத் தலைப்பு.

எருமைப் பத்துக்கு வருகிறேன். மதுரையைச் சுற்றியிருக்கிற நன்செய் பூமியில், சோழவந்தான் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ, எருமை யாரும் நின்று பார்க்கிற விலங்கு இல்லை. அதற்குப் பத்துப் பாட்டு என்றால் எங்கிருந்து எடுப்பது? ஓரம்போகியார் எடுக்கிறார். ஈன்ற எருமை கன்றுக்குப் பால் கொடுக்கிறது. இது இரண்டாவது பாட்டு. எருமையை நினைத்தால் நமக்கும் தோன்றுகிற காட்சிதான். ஐந்தாவதில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நெல்லை மேய்கிறது. இதுவும் ஊரில் பார்த்ததே. ஏழாவதுக்கு வாருங்கள். மேயப்போன எருமையின் கொம்பில் வெள்ளையான பகன்றைப் பூக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. திரும்பி வந்த தாயைப் பார்த்து அதன் கன்றே மிரளுகிறது. எட்டாவதில், தண்ணீரில் கிடக்கிற எருமை கட்டிப்போட்ட தோணி மாதிரி தெரிகிறது.

அந்தக் கன்று மிரண்டதை நினைத்துப் பாருங்கள். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். வேறு வீட்டுக்குப் போய், வேறு பூவைச் சூடிக்கொண்டு திரும்பி வருகிறவனை வீட்டிலிருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது மொத்தமும் அந்த ஒரு மிரட்சியில் வந்துவிட்டது. ஒருவரும் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. இது எருமையை முதல்முறை பார்த்தவனுக்குக் கிடைக்காத பார்வை. பாட்டுகளின் வரிசை தொகுத்தவர் வைத்ததாகவும் இருக்கலாம், அதை வைத்து நான் கணக்குப் போடவில்லை. ஆனால் பத்து முறை ஒரே எருமையிடம் திரும்பிப் போகாதவனுக்கு அந்தப் பூச் சுற்றிய கொம்பு கண்ணில் பட்டிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

தினம் ஒரு தலைப்பு என்ற பழக்கத்தோடு எனக்கு இருக்கிற வழக்கே இதுதான். தலைப்புகள் தினமும் மாறிக்கொண்டே இருந்தால் நாம் தினமும் முதல் பாட்டை மட்டுமே எழுதிக்கொண்டிருப்போம். முதலில் தோன்றுவது ஊரெல்லாம் தோன்றுவது. மழை என்றால் மண்வாசனை, அம்மா என்றால் அடுப்படி. அதை எழுதிவிட்டு மறுநாள் வேறு தலைப்புக்குத் தாவினால், அங்கேயும் மண்வாசனைதான் காத்திருக்கும். எங்களுக்குள் சிலர் கூடி எழுதிப் பார்ப்போம். கோயில் வாசலில் செருப்பு வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பவரை ஒரு தடவை தலைப்பாக எடுத்தோம். முதல் சுற்றில் எல்லோரும் அவர்மேல் பரிதாபப்பட்டே எழுதினார்கள். அதே ஆளைப் பற்றித் திரும்பவும் எழுதச் சொன்னபோது சலித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் ஒருவர், யாரும் திரும்பி வந்து கேட்காத ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றி எழுதினார். இன்னொருவர், செருப்பின் தேய்மானத்தை வைத்து ஆளின் நடையைச் சொல்லிவிடுகிற அவருடைய கண்ணைப் பற்றி எழுதினார். பரிதாபம் தீர்ந்த பிறகே அந்த மனிதர் பக்கத்தில் வந்து நின்றார்.

மாதத்துக்கு முப்பது தலைப்பு வேண்டாம். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள்.

தலைப்பை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். மதுரைக்காரிக்கு நான் தருமி கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் பொற்கிழி கொடுத்த லீலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையில் நாம் தருமியையும் நக்கீரரையும் பார்த்தே பழகிவிட்டோம். நான் உங்களைப் பாண்டியனைப் பார்க்கச் சொல்கிறேன். ஆயிரம் பொன்னைக் கட்டித் தொங்கவிட்டவன் காதலைப் பற்றிப் பாடுங்கள் என்று கேட்கவில்லை, அரசியின் அழகைப் பாடுங்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு வாசனை வந்தது. அது அரசியின் கூந்தலுக்கு இயல்பானதா, பூவாலும் சாந்தாலும் வந்ததா என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அந்தச் சின்னச் சந்தேகத்துக்காகச் சங்கம் முழுவதும் யோசிக்க வேண்டியதாயிற்று. நல்ல தலைப்பு இப்படித்தான் பிறக்கும். மூக்கிலோ காதிலோ கண்ணிலோ பட்டு, இது ஏன் இப்படி என்று ஒரு கணம் நம்மை நிறுத்துகிற விஷயமாக அது இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கையால் கசக்கிப் பார்க்கிறார்களே, எதைத் தேடுகிறார்கள்? விலையைக் கேட்டுவிட்டு ‘வர்றோம்’ என்று சொல்லிப் போகிறவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று விற்பனையாளருக்கு எப்படித் தெரிகிறது? இவற்றை உங்களுக்கு எந்தப் பட்டியலும் தராது.

பிடிக்காத தலைப்பு வந்தால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம்மிடம் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். கடைசி அடியைச் சபையில் ஒருவர் கொடுப்பார், புலவர் முன்னடிகளைக் கட்டி அதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பல சமயம் அது மடக்குவதற்கென்றே கொடுக்கப்படும். நாகர்கோவில் இடலாக்குடிக்காரரான செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் மனத்தை வைத்துப் பதில் சொல்லும் கலை அது. இஸ்லாமியரான அவரைச் சீண்டும் நோக்கத்தோடு, ‘துருக்கன்’ என்ற சொல்லில் தொடங்கி ராமன் துணை என்று முடிகிற ஒரு ஈற்றடியை ஒருவர் கொடுத்தாராம். பாவலர் ராமனின் தம்பிகளை வரிசையாகச் சொல்லிவந்து, முந்தைய அடியை ‘சத்’ என்ற ஓசையில் நிறுத்தினார். அடுத்த அடியோடு சேர்ந்து அது சத்துருக்கன் ஆகிவிட்டது என்று சொல்வார்கள். சீண்டக் கொடுத்த அடியே அவர் பெருமையைப் பேசும் கதையாக நின்றுவிட்டது.

பாரதிக்கும் எட்டயபுரத்தில் அப்படி ஒரு ஈற்றடியைக் கொடுத்துச் சின்னப் பையன் என்று கேலி செய்யப் பார்த்த கதை உண்டு. அந்தச் சபைகளில் பழகி வளர்ந்தவர்தான் 1904இல் மதுரைக்கு வந்து சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டு மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ பத்திரிகையில் அவருடைய ‘தனிமை இரக்கம்’ அச்சானது. கட்டளைக்குப் பாடிப் பழகிய கை, தன் விருப்பத்துக்குப் பாடும்போது தளர்ந்துவிடவில்லை என்பதற்குப் பாரதியைத் தவிர வேறு உதாரணம் எனக்கு வேண்டாம்.

ஆகவே பிடிக்காத தலைப்பை மாற்றாதீர்கள். எடுத்தால் எடுத்ததுதான். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்பதையே முதல் நாள் எழுதுங்கள்.

ஈற்றடியில் இன்னொரு நன்மையும் இருந்தது. எதிரே ஆட்கள் இருந்தார்கள். உருது கவிஞர்களிடமும் இப்படி ஒரு மரபு உண்டு. தரஹி முஷாயரா என்று பெயர். கூட்டத்துக்கு முன்பே ஓர் அடியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வருகிற கவிஞர் எல்லோரும் அதே சந்தத்தில், அதே இயைபில் கஜல் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே அடி பலர் வாயில் என்னென்ன ஆகிறது என்று கேட்பதே அந்த ராத்திரியின் சந்தோஷம். நீங்களும் ஒருத்தரைத் தேடிக்கொள்ளுங்கள். கடையில் கூட வேலை பார்க்கும் அக்காவாக இருக்கலாம், பழைய பள்ளித் தோழியாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பத்து நாள் எழுதுங்கள், பத்தாம் நாள் மாற்றிப் படியுங்கள். பாராட்டிக்கொள்வதற்காக இல்லை. அவள் பார்த்ததை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். காலையில் வீட்டு வேலை முடித்து, நாள் முழுக்கக் கடையில் இருந்து, ராத்திரி ஊர் திரும்புகிறவரிடம் விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உட்கார இடம் கிடைக்கிற நாளில் பஸ்ஸில் எழுதலாம். திருப்பரங்குன்றம் தாண்டும்போது நோட்டை எடுங்கள், பழங்காநத்தம் வந்ததும் மூடிவிடுங்கள். ஆறு வரி போதும். ஐங்குறுநூற்றில் ஆறடிக்கு மேல் ஒரு பாட்டும் கிடையாது. உட்கார இடம் கிடைக்காத நாளில் நின்றபடி மனசுக்குள் முதல் வரியை மட்டும் கட்டி வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுத முயல வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முதல் பத்துக்கு நான் சொன்ன அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனை எப்படித் தேய்ந்திருக்கிறது, அது யார் கையில் அதிக நேரம் இருக்கிறது, தீபாவளிக்கு முந்தின நாள் அது எத்தனை கைக்கு மாறுகிறது, அளந்து முடித்த பிறகு வாங்குபவர் ‘கொஞ்சம் விட்டு வெட்டுங்க’ என்று சொல்லும்போது வெட்டுபவர் முகம் என்ன ஆகிறது. இவையெல்லாம் எனக்கே தோன்றிவிட்டன, கடைக்கு வெளியே நிற்கிற எனக்கு. ஆகவே இவை உங்கள் முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான் தாங்கும். நான்காம் நாள் ஒன்றும் தோன்றாது. சலிப்பு வரும், இந்த ஆளை நம்பினோமே என்று என்மேல் கோபமும் வரும். அன்று தலைப்பை மாற்றிவிடாதீர்கள். அன்றுதான் கோலைக் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள்.

முதல் ஒன்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதை மட்டும் எனக்கு அனுப்புங்கள். தவறாமல் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்,
மதுரை